ஒரகடம் சாலையில் ஓர் ஆலா

புயல் கரையைக் கடந்த மறுநாள் மதியம், வடக்குப்பட்டுப் பக்கத்தில் என் பேருந்தை நடுச்சாலையில் நிறுத்தினேன். நிறுத்தச் சொன்னவர் கம்பெனி நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர்.

மழை விட்டிருந்தது. காற்று மட்டும் இன்னும் அடங்கவில்லை. சாலைக்கு இரு புறமும் காலி மனைகளில் தண்ணீர் தேங்கி, எது பள்ளம் எது மேடு என்று தெரியாமல் கிடந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் தகரப் பலகை பாதி பெயர்ந்து தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேருந்தில் முதல் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் கூட்டம். புயலென்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்கள் இருவர் வேலையை ஒருவராகச் செய்துவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் வழக்கம்போல் எனக்கு இடப்பக்கம், முன் சீட்டில் இருந்தார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. அங்கன மீடியன் ஓரத்துல ஏதோ கெடக்கு."

என் கண்ணுக்கு அது காற்றில் ஒதுங்கிய கறுப்புப் பாலிதீன் பை. ஆனாலும் பிரேக்கில் கால் வைத்தேன். சிஸ்டர் என் சீட்டில் விரித்திருந்த துண்டை உருவிக்கொண்டு இறங்கிப் போனார். குனிந்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். திரும்பி வரும்போது துண்டை இரு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

துண்டுக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. உச்சந்தலையிலிருந்து முதுகுவரை கரி பூசினாற்போலக் கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை. ஊசிபோல நீண்ட அலகு. துண்டுக்கு வெளியே தொங்கிய வால் கத்தரிக்கோலைப்போல் இரண்டாகப் பிளந்திருந்தது. கண் திறந்திருந்தது. கொத்தவில்லை, கத்தவில்லை.

"இது நம்ம ஏரிப் பறவை இல்லண்ணே," என்றார் சிஸ்டர். "ஆலா. அதுலயும் கரைப்பக்கம் வர்ற ஆலா இல்ல. நடுக்கடல்ல இருக்கது."

துண்டின் ஓரத்தை விலக்கி அதன் கழுத்தை ஒரு விரலால் தடவினார். கம்பெனியின் முதலுதவி அறையில், மெஷினில் விரல் நசுங்கி வருகிறவர்களுக்குக் கட்டுப் போடும் கை அது.

காத்திருக்கும் வேலை

போன வாரம் இந்தத் தொடரில் பிரேக் பிடிக்காத பேருந்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, டிரைவர் வேலை இவ்வளவு ஆபத்தானதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். உண்மையில் அது ஆபத்தான வேலை என்பதைவிடக் காத்திருக்கும் வேலை. காலையில் ஆட்களைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டால் மதியம் அவர்கள் வெளியே வரும்வரை பேருந்தை எங்காவது நிழலில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். நான் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தூங்குவேன்.

அப்படித் தூங்கி விழித்த ஒரு நாள் கரைமேல் சிஸ்டர் பைனாகுலரோடு நிற்பதைக் கண்டேன். அன்று அவருக்கு வார விடுமுறை. என் பேருந்தில் பல மாதமாக வருகிறவர்தான் என்றாலும், வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. ஏறக்குறைய என் வயது. பாம்பன்காரர், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலைக்காக இங்கே வந்து ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தார்.

என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். தாமரை இலைமேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. சிலந்திக் கால்போல விரல்கள், பின்னால் நீண்டு வளைந்த வால், கழுத்தின் பின்பக்கம் பொன்னிறம். நீளவால் இலைக்கோழி என்றார். நான் பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊரில்தான். அந்த ஏரியில் குளித்திருக்கிறேன், மீன் பிடித்திருக்கிறேன், பேருந்து கழுவியிருக்கிறேன். இப்படி ஒன்று அங்கே இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு ஏரிக்கரையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பார்த்ததும் விட்டதும்

அந்த வருடங்களில் நாங்கள் பார்த்தவை கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன்.

புதுக் கார்களை வரிசையாக நிறுத்தி வைக்கும் பெரிய யார்டு ஒன்று உண்டு. அதன் காவலாளி ஒருநாள் என்னிடம் புலம்பினார். தினமும் காலையில் கார் பானட்டின்மேல் மீன் தலை கிடக்கிறதாம். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள், தன் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். சிஸ்டரும் நானும் போய்ப் பார்த்தோம். யார்டுக்கு மேலே போகும் மின்கோபுரத்தின் உச்சியில் விரால் அடிப்பான் என்ற மீன்பிடிக் கழுகு ஒன்று உட்கார்ந்து, காலில் அழுத்திப் பிடித்த கெண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்த பறவை. காவலாளி பைனாகுலரில் நெடுநேரம் பார்த்தார். மீன் தலையை யார் போடுகிறார்கள் என்று மேலதிகாரிக்கு எப்படி விளக்குவது என்பதுதான் அவருடைய அடுத்த கவலை.

இன்னொரு முறை, பனி மூடிய ஒரு காலை. பேருந்து நிறைய ஆட்கள். தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே பூநாரைகள் வரிசையாக வந்தன. வெயில் இன்னும் கீழே இறங்காததால் நாங்கள் இருட்டில் இருந்தோம், அவை மட்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. என்னையறியாமல் ஹாரனை அழுத்திவிட்டேன். தூங்கினவர்கள் விழித்து, ஸ்டாப்பிங் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

பார்க்காமல் விட்டதும் உண்டு. சிஸ்டருக்கு வெகுநாளாக ஒரு ஆசை. அவருடைய அப்பா பாம்பனில் படகு வைத்திருந்தவர். ஆலாக் கூட்டம் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் வலை போடுவாராம். அந்தக் கரையோர ஆலாக்களைச் சிஸ்டருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் கரிநிற ஆலா என்று ஒன்று உண்டு, அது யாருமில்லாத தீவுகளில் முட்டையிடும், மற்ற நாளெல்லாம் கடலுக்கு மேலேதான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறார். பறந்துகொண்டே தூங்குமாம். வாத்துபோலத் தண்ணீரில் மிதக்கவும் அதனால் ஆகாதாம், இறகு நனைந்துவிடுமாம். அதைத் தேடி ஊருக்குப் போகும்போதெல்லாம் படகேறிப் போய் வாந்தியெடுத்துத் திரும்பியதுதான் மிச்சம் என்பார்.

அந்தப் பறவைதான் கடலை விட்டு இத்தனை தூரம் வந்து, ஒரகடம் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஓடும் இடத்தில் கிடந்தது.

எங்கே வைப்பது

பேருந்து மறுபடி கிளம்பியதும் எல்லோரும் விழித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் பிரியாணிக்கு ஆகுமா என்றார். ஒரு பெண் தன்னிடமிருந்த காலி அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். சிஸ்டர் இறக்கைகளை ஒவ்வொன்றாக விரித்து எலும்பைத் தடவிப் பார்த்தார். முறிவு இல்லை. பட்டினியும் களைப்பும்தான் என்றார்.

வனத்துறைக்குப் போன் செய்தார். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாகப் பேசினார். எங்கும் மரம் விழுந்து சாலை அடைபட்டிருக்கிறது, வீடுகளுக்குள் பாம்பு வந்திருக்கிறது, உடனே ஆள் அனுப்ப வழியில்லை. பெட்டியில் துளை போட்டு இருட்டில் வையுங்கள், சின்ன மீன் கொடுத்துப் பாருங்கள், காற்று தணிந்து பறவையும் தெம்பாக இருந்தால் கடற்கரையில் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள் என்றார்.

சிஸ்டரின் ஹாஸ்டலில் பூனைக்குட்டிகூட வைத்துக்கொள்ள முடியாது.

"எங்க வூட்ல வச்சிக்கலாம் சிஸ்டர்," என்றேன். சொன்ன பிறகுதான் கஸ்தூரியின் நினைவு வந்தது.

கஸ்தூரி

கஸ்தூரி என் மனைவி. அவளைப் பற்றி இந்தத் தொடரில் அதிகம் எழுதியதில்லை. அந்தக் காலத்தில் எழுதுவதற்கு எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் காரணம்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மஸ்கட் போனாள். அதுவரை கஸ்தூரி ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்து, சண்டை போட்டு, சிரித்து, ஊர்க்கதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறவளாக இருந்தாள். மகள் போன பிறகு முட்டி வலி என்று வேலையை விட்டாள். டிவி ஓடும், எதிரே படுத்திருப்பாள். எந்த நிகழ்ச்சி என்று கேட்டால் தெரியாது. குன்றத்தூரில் எங்கள் தெருவைத் தாண்டி அவள் போவதே அபூர்வமாகிவிட்டது. நான் ஏரியில் பார்த்ததையெல்லாம் வந்து சொல்வேன். "உம்" என்பாள்.

ஒரு நர்ஸோடு நான் ஏரிக்கரையில் நிற்கிறேன் என்று யாரோ அவள் காதில் போட்டார்கள். அதை அவளே என்னிடம் சொன்னாள், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்கும் குரலில். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அன்று சாயங்காலம் பெட்டியோடு போனேன். கரன்ட் இல்லாததால் டிவி அணைந்திருந்தது. கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாய்யா இது?"

சொன்னேன். எழுந்து வந்து பெட்டித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இது என்ன தின்னும் என்று கேட்டாள். மீன் என்றேன்.

"புயல்ல எவன் கடலுக்குப் போனான்? மீனுக்கு எங்க போவ?"

அது சரிதான். மார்க்கெட்டில் ஒரு கடையும் திறக்கவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்தேன். அவரும் நாலு இடத்தில் கேட்டுவிட்டு இல்லையென்றார். பேசிவிட்டுத் திரும்பினால் வீட்டில் கஸ்தூரியைக் காணோம். வாசலில் செருப்பும் இல்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்து, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். எங்கள் பக்கத்து ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. ஊரே அங்கே நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்ததாம். இவள் ஒரு பையனிடம் கொசுவலைத் துணியைக் கேட்டு வாங்கி, தானே வாய்க்காலில் இறங்கி வாரியிருக்கிறாள். பாத்திரத்தில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் துள்ளின.

முட்டி வலி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

தின்னாத பறவை

பறவை மீனைத் தொடவில்லை. முன்னால் போட்டால் அதைத் தாண்டி எங்கோ பார்த்தது. வாயைப் பிளந்து ஊட்டக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலையிலும் அதே கதை. நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் திரும்பும்போது பெட்டிக்குள் அது சாய்ந்து கிடக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். சிஸ்டர் அன்று தன் ஸ்டாப்பிங்கில் இறங்கவில்லை. பார்க்கவேண்டும் என்று என்னோடே வீட்டுக்கு வந்துவிட்டார்.

கஸ்தூரி கதவைத் திறந்ததும் விரலை உதட்டில் வைத்தாள்.

சமையலறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு மீன் குஞ்சின் வாலைப் பிடித்துப் பறவையின் முகத்துக்கு நேரே மெல்ல ஆட்டினாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில். பறவையின் தலை மீனோடு சேர்ந்து நகர்ந்தது. சட்டென்று ஒரு அசைவு. மீன் இல்லை.

"கீழ கெடந்தா அதுக்கு மீனுன்னே தெரியல," என்றாள் மெதுவாக. "காலைல இருந்து ஆட்டிக்கினே கீறேன். ரெண்டாவது தபா தூக்குச் சட்டி காலியாவுது."

சிஸ்டர் அவள் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மதினி, நான் நர்ஸு வேலைய விட்டுர்றேன் என்றார். இருவரும் அன்றுதான் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருந்ததை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. கஸ்தூரி என்னை டீ போட்டுத்தரச் சொன்னபோதுதான் நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்று புரிந்தது.

கோவளம்

அடுத்த நாள் காற்று தணிந்தது. பறவை பெட்டிக்குள் இறக்கையை அடிக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அன்று வண்டி இல்லை. இருசக்கர வாகனத்தில் பின்னால் கஸ்தூரி, அவள் மடியில் பெட்டி. மெதுவா போ, மேட்டுல ஏத்தாத என்று வழியெல்லாம் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். பேருந்து ஓட்டிய இத்தனை வருடத்தில் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரிடமும் நான் இவ்வளவு பேச்சு வாங்கியதில்லை. சிஸ்டர் பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னால் கோவளம் கடற்கரைக்கு வந்து நின்றார்.

கடற்கரை முழுக்க ஆறுகள் கொண்டுவந்து தள்ளிய ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்புகள், பிளாஸ்டிக். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அழுகிய தழை வாடையும் உப்பு வாடையும் கலந்து அடித்தது. கடல் இன்னும் கலங்கலாகவே இருந்தது.

அலை எட்டாத ஒரு மணல்மேட்டில் பெட்டியை வைத்துத் திறந்தோம். பறவை வெளியே வந்தது. கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தது. அவ்வளவுதான். பறக்கவில்லை.

முதலில் ஒரு காக்கை வந்தது. பிறகு நாலைந்து. ஒன்று பின்னால் வந்து வாலைப் பிடித்து இழுத்தது. கஸ்தூரி செருப்பைக் கழற்றி எறிந்தாள். அவை கொஞ்சம் விலகி உட்கார்ந்து, மறுபடி நடந்து வந்தன. மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. கஸ்தூரி பறவைக்கும் காக்கைகளுக்கும் நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். அவள் நகர நகரக் காக்கைகளும் சுற்றி வந்தன. கடைசியில் கடல் பக்கமாகவே மறைத்து உட்கார வேண்டியதாயிற்று.

தெம்பு போதாதோ என்னவோ, மறுபடி பெட்டியில் போட்டு வனத்துறையிடமே கொண்டுபோய்விடலாம் என்றார் சிஸ்டர். அவர் முகம் வாடிவிட்டது. நான் பெட்டியை எடுத்தேன். எடுக்கும்போதுதான் கவனித்தேன். காற்று கடலிலிருந்து வந்தது. கஸ்தூரியின் முந்தானை பாய்போல உப்பியிருந்தது. பறவையின்மேல் ஒரு இறகுகூட அசையவில்லை.

அவளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"நான் நவுந்தா காக்கா புட்ச்சிக்கினு பூடும்."

"நீ நவுந்தாதான் அதுக்குக் காத்து வரும் கஸ்தூரி."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தலையசைத்தார். காக்கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று துண்டைச் சுழற்றிக்கொண்டு நின்றேன். கஸ்தூரி முந்தானையை மெல்லச் சுருட்டினாள். எழுந்திருக்காமல், உட்கார்ந்த வாக்கிலேயே பக்கவாட்டில் நகர்ந்தாள்.

காற்று பறவையின் முகத்தில் பட்டது. நெற்றியின் வெள்ளை இறகுகள் கலைந்தன. அது கழுத்தை நீட்டியது. இறக்கையைத் திறந்தது. அவ்வளவு நீளமான இறக்கை அந்தச் சின்ன உடம்பில் எங்கே மடங்கியிருந்ததென்று தெரியவில்லை. அடிக்கக்கூட இல்லை. காற்று அதைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டது.

காக்கைகள் துரத்தின. பறவை தாழ்வாக, அலையின் நுரையைத் தொட்டுவிடும்போலப் போயிற்று. ஒருமுறை தண்ணீரில் விழுந்துவிட்டதென்றே நினைத்தேன். சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அலை இறங்கிய பிறகு அது அலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, இன்னும் உயரத்தில். காக்கைகள் திரும்பிவிட்டன.

என் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி கஸ்தூரியிடம் கொடுத்தேன். அவள் அதை அதுவரை தொட்டதில்லை. எங்க, ஒண்ணும் தெரியல என்று தடுமாறினாள். சிஸ்டர் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

"தெரியுது," என்றாள் கஸ்தூரி.

எங்கள் வெறும் கண்ணுக்கு அது மறைந்து வெகுநேரம் ஆகியும் அவள் பைனாகுலரை இறக்கவில்லை. இப்ப திரும்புது, இப்ப கீழ எறங்குது, இப்ப நல்லா ஏறிடிச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அவள் நிறுத்தினாள்.

"போச்சி," என்று சொல்லிப் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள். கண் ஓரத்தில் அது அழுத்திய வட்டம் பதிந்திருந்தது.

அந்தப் பறவை பிழைத்ததா, தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியுமில்லை.

சிஸ்டரைக் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். வண்டலூர் சாலையில் ஏறியதும் கஸ்தூரி பின்னாலிருந்து பேச ஆரம்பித்தாள். காக்கைகளைத் திட்டினாள். அந்தப் பறவை நள்ளிரவில் பெட்டிக்குள் எப்படிக் கொட்டாவி விட்டது என்றாள். மகளிடம் இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்லப் போகிறாள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், அது சரியில்லை என்று வேறு மாதிரி சொன்னாள். கேன்டீனில் தன்னோடு வேலை செய்த யாரையோ நினைத்துச் சிரித்தாள். எதிர்க்காற்றில் பாதிப் பேச்சு என் காதுக்கு வராமலே போயிற்று.

கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். குன்றத்தூர் வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள்.